கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு: எவ்வழி நல்வழி?

பாடசாலை விடுமுறை நெருங்குந்தோறும் கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருப்போருள் கிழக்கிலங்கையைத் தாயகமாகக் கொண்டோர் பலர். ஊரில் உற்றார் காத்திருப்பர். கோயிற் கடன் ஒன்று நிறைவேறாது கிடக்கும். பிள்ளைகளோ கடலில் நீராடும் நாளை எண்ணிக்கொண்டிருப்பர். "திருமலைக்கு எதிலே போவது?" என்பதே அக்கேள்வி. தந்தையார் புகைவண்டி என்பார். மூத்த மகன் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தலாம் என்பான். தாயார் செலவைக் கணக்கிட்டு, பஸ்ஸே போதும் என்பார். அம்மம்மாவோ, "எதிலே என்றாலும் சரி, காலை நீட்டிக்கொண்டு போனாற் போதும்" என்பார். நால்வர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களைத் தனித்தனியே எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரயாண சாதனங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாளுகின்றனர். எது மலிவு என்பது ஒன்று. எது விரைவு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டியவையே, ஆயினும் போதியவை அல்ல. பொருள், காலம், உடல், உயிர் என்னும் நான்கையும் வைத்து நோக்குவதே முறை. பொருளை மிச்சப்படுத்தப் போய் முதியவரின் உடலை வருத்துதல் சிக்கனமன்று. காலத்தை மிச்சப்படுத்தப் போய் உயிருக்கு ஊறு தேடுதல் விரைவுமன்று. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பழைய வழி

திருகோணமலையின் பெருமை கடலினால் வந்தது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகிய நான்கு சாதியாரும் அதன் பொருட்டுப் போட்டியிட்டனர். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடிப் பரவினார் என்பதைச் சைவ மக்கள் அறிவர். இவ்வாறு கடல்வழியாற் புகழ்பெற்ற ஊர் தரைவழியால் நெடுங்காலம் எட்டாத ஊராகவே இருந்தது. கொழும்புக்கும் திருமலைக்கும் இடையே அடர்ந்த காடும், குளங்கள் தூர்ந்து கிடந்த வறண்ட நிலமும், யாவற்றுக்கும் மேலாக மலேரியாக் காய்ச்சலும் இருந்தன. தீவைச் சுற்றி ஓடிய கரையோரக் கப்பல்களே அக்காலத்தில் பலருக்கு வசதியான சாதனமாயின. இன்று அக்காடுகளினூடே குழந்தைகளை அச்சமின்றி அழைத்துச் செல்கிறோம். மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிலே அறிவித்தமை இந்த வழியில் செல்வோர் நன்றியுடன் நினைக்கத்தக்க செய்தியாகும்.

இலங்கையின் முதற் புகைவண்டி 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. திருகோணமலைக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது 1927ஆம் ஆண்டிலாகும். அதாவது, அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்தே திருமலை தலைநகரோடு இரும்புப் பாதையால் இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே மட்டக்களப்புப் பாதையும் முற்றுப்பெற்றது.

புகைவண்டி

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து திருமலைக்குள்ள இரும்புப் பாதை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமானது. றாகமை, வேயங்கொடை, பொல்காவலை, குருநாகல் ஆகிய நிலையங்களைக் கடந்து மாகோச் சந்தியை அடைகின்றது. அங்கு யாழ்ப்பாணப் பாதை வடக்கே பிரிய, நமது பாதை கிழக்கே திரும்பிக் கெக்கிராவை, ஹபரணை வழியாகக் கல்லோயாச் சந்திக்குச் செல்கின்றது. அங்கிருந்து ஒரு கிளை மின்னேரியா, பொலன்னறுவை வழியே மட்டக்களப்புக்கும், மற்றையது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியே திருமலைக்கும் போகின்றன. சந்தியிலிருந்து திருமலை வரை சுமார் 70 கிலோமீற்றர். இந்தக் கல்லோயாவை அம்பாறைப் பகுதியிலுள்ள கல்லோயாத் திட்டத்தோடு மாணவர் மயங்கலாகாது. இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

பெருந்தெருவால் 260 கிலோமீற்றரில் அடையக்கூடிய ஊருக்குப் புகைவண்டி 300 கிலோமீற்றர் ஓடுகின்றது. அதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேலும் செல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 35 கிலோமீற்றர் அளவே வருகின்றது. இது ஏன் என்று பலர் வினவுவர். விடை எளிது. பொல்காவலைக்கு அப்பால் இப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதையாகும். எதிரே ஒரு வண்டி வருமாயின், இரண்டில் ஒன்று ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றே வழிவிடல் வேண்டும். ஒரு வண்டி தாமதித்தால் அதனை எதிர்நோக்கி நிற்கும் வண்டியும் தாமதிக்கும். நள்ளிரவிலே பெயரறியா நிலையம் ஒன்றில் வண்டி அசையாது நிற்கும்போது சிப்பந்திகளைச் சினந்துகொள்வதாற் பயனில்லை. அந்தத் தாமதமே இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் எதிர்ப்படாது காக்கின்றது.

வேறொரு காரணமும் உண்டு. கெக்கிராவைக்கு அப்பால் வண்டி யானைகள் நடமாடும் காட்டினூடே செல்கின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி அதிகாலையில் ஹபரணைக்கு அண்மையில் பிரயாண வண்டி ஒன்று யானைக் கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகள் மடிந்தன, வண்டியும் தடம்புரண்டது. பிரயாணிகள் எவருக்கும் தீங்கு நேராதது நற்பேறே. பல நூறு தொன் எடையுள்ள வண்டி, சாரதி யானையைக் கண்டு தடையை அழுத்திய மாத்திரத்தில் நின்றுவிடாது. இருளிலே காணும் தூரமோ குறுகியது. ஆகவே காட்டுப் பகுதிகளில் வேகத்தைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை. நாம் அரை மணி நேரம் தாமதித்துச் சேர்வதால் யானைக் குட்டி ஒன்று தாயை இழவாதிருக்குமாயின், அத்தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் அன்றோ?

இனிப் புகைவண்டியின் நலன்களை நோக்குவோம். முதியவருக்கும் நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு இணையான சாதனம் பிறிதில்லை. எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், மலசலகூட வசதி வண்டியிலேயே உண்டு. நீரிழிவு நோயுள்ளோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இஃது எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தோரே அறிவர். இரவு வண்டியிற் செல்வோருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. எட்டு மணி நேரம் செலவாகின்றதே என்று வருந்துகிறோம். அந்த எட்டு மணி நேரமும் வீட்டிலிருந்தால் உறங்கிக் கழிக்கும் நேரமன்றோ? செலவாவது இரவு, மிஞ்சுவது பகல். விடியும் வேளையிலே தம்பலகாமத்து வயல்வெளிகளையும், அவற்றை அடுத்து உள்வாங்கிக் கிடக்கும் குடாக்கடலையும் சாளரத்தினூடே காண்பது பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரப் பாடமாகவும் அமையும்.

குறைகளும் உண்டு. சேவைகள் மிகச் சில. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்காக நெடுநேரம் காத்திருக்க நேரும். படுக்கை வசதியுள்ள ஆசனங்களும் முன்பதிவு செய்யும் ஆசனங்களும் விடுமுறைக் காலத்தில் விரைவில் தீர்ந்துவிடும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னரே பதிவு தொடங்குவதால், திகதி நிச்சயமானவுடன் ஆசனத்தைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். பதிவின்றி மூன்றாம் வகுப்பில் ஏறி, இரவு முழுவதும் நின்றுகொண்டே செல்வதாயின், மேலே கூறிய நலன்கள் யாவும் பொருளற்றுப் போகும்.

பஸ் வண்டி

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து திருமலைக்குச் செல்லும் பஸ் வண்டிகள் 49 என்னும் இலக்கத்தைத் தாங்கியவை. கண்டி வீதியால் அம்பேபுசை வரை சென்று, அங்கிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருமலையை அடைகின்றன. அம்பேபுசையிலிருந்து திருமலை வரையுள்ள 202 கிலோமீற்றர் நீளமான இப்பெருந்தெரு ஏ6 எனப்படும். முதற் புகைவண்டி போய் நின்ற ஊரிலேயே திருமலைத் தெரு தொடங்குகின்றது என்பது சுவையான பொருத்தமாகும்.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இந்நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. எழுபதுகளின் இறுதியில் தனியாருக்கும் மீண்டும் இடமளிக்கப்பட்டது. ஆதலால் இன்று அரசாங்க வண்டிகளும் தனியார் வண்டிகளும், சாதாரண வண்டிகளும் குளிரூட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. பிரயாணத்துக்கு ஏழு எட்டு மணி நேரம் வரை பிடிக்கும்.

பஸ்ஸின் தலையாய நலன் யாதெனில், அது நம்மைக் காத்திருக்கச் செய்வதில்லை. ஒன்று போனால் சிறிது நேரத்தில் மற்றொன்று வரும். முன்பதிவு இன்றியும் புறப்படலாம். கட்டணமும் குறைவு. கந்தளாயிலோ தம்பலகாமத்திலோ வீடுள்ளவர் தம் வீட்டுக்கு அண்மையிலேயே இறங்கலாம். தனியே செல்லும் இளைஞருக்கும், சிறு மூட்டையோடு செல்லும் மாணவருக்கும் இது போதிய சாதனமாகும்.

ஆயின், முதியவருக்கு ஏழு மணி நேரம் ஓரிடத்திலே காலைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருத்தல் எளிதன்று. கால் வீங்கும், இடுப்பு நோகும். வண்டி நிற்கும் இடத்திலேதான் உண்ணவும் மலசலங் கழிக்கவும் இயலும். அவ்விடங்களின் சுத்தம் எப்போதும் ஒரே தரமாயிருப்பதில்லை. இதற்கஞ்சி நீர் அருந்தாமலே பிரயாணஞ் செய்யும் தாய்மார் பலர். வெயிற் காலத்தில் அது உடலுக்குக் கேடு. இடையில் இறங்கி நடக்கவும், அளவோடு நீர் பருகவும் அவர்களை வற்புறுத்துதல் பிள்ளைகளின் கடமையாகும்.

பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பும் பெற்றோரின் கவலையையும் இங்கே குறிப்பிடாது விடுவதற்கில்லை. நெரிசல் மிகுந்த வண்டியிலே பண்பற்றோர் சிலர் செய்யும் தொல்லைக்காகப் பெண்கள் பிரயாணத்தையே கைவிடல் நியாயமாகாது. வெட்கப்பட வேண்டியவர் தொல்லை தருபவரேயன்றி அதற்கு ஆளாகுபவர் அல்லர். குரல் எழுப்பும் பெண்ணுக்குத் துணைநிற்றல் உடன் பிரயாணஞ் செய்வோர் அனைவரின் பொறுப்பு. பொலிசாரின் 119, பெண்களுக்கான உதவி இலக்கமாகிய 1938 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு மாணவியும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நன்று.

இரவு பஸ்ஸைப் பற்றியும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் திகதி விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி இரவு முழுவதும் ஓடிவந்த பஸ் ஒன்று கொத்மலைப் பகுதியிலே பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய துயரம் அது. விடியலுக்கு முன்னுள்ள இரண்டு மூன்று மணி நேரமே மனித உடல் உறக்கத்தை மிகுதியாக வேண்டி நிற்கும் நேரம். புகைவண்டியிற் சாரதிக்குத் துணையாக மற்றொருவரும், சமிக்ஞை ஒழுங்கும் உண்டு. தெருவிலோ யாவும் ஒருவரின் இரு கண்களையே நம்பியிருக்கின்றன. எனவே முதியோரும் குழந்தைகளும் உடன்வரும்போது பகல் பஸ்ஸைத் தெரிந்தெடுத்தலே விவேகம்.

சொந்த வாகனமும் வாடகை வாகனமும்

மோட்டார் வாகனத்திற் செல்வோர் ஆறு மணி நேர அளவில் திருமலையை அடையலாம். மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையிலான அதிவேகப் பாதை 2022ஆம் ஆண்டு ஜனவரியிலே திறக்கப்பட்டமையால், அந்தப் பகுதியிலுள்ள நெரிசலைத் தவிர்க்கும் வாய்ப்பும் உண்டு. வீட்டு வாசலிலே ஏறி உறவினர் வாசலிலே இறங்கலாம் என்பதும், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்பதும் இதன் சிறப்புகள். திருமலை சேர்ந்தபின் கன்னியா வெந்நீரூற்றுகள், நிலாவெளி, தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயம் ஆகியவற்றைக் காண வேறு வண்டி தேட வேண்டியதில்லை.

செலவைக் கணக்கிடுவோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று 260 கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 22 லீற்றர் பெற்றோல் வேண்டும். போகவர 44 லீற்றர். ஒருவர் மட்டும் சென்றால் 44 லீற்றரும் அவர் தலையிலே விழும். நால்வர் சென்றால் ஆளுக்கு 11 லீற்றர். இதனை அன்றைய பெற்றோல் விலையாற் பெருக்கி, அன்றைய பஸ் கட்டணத்தோடும் புகைவண்டிக் கட்டணத்தோடும் ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். வீட்டிலுள்ள மாணவர்க்கு இக்கணக்கை ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். வாடகை வான் என்றால் வாடகையையும் சாரதியின் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக நோக்குமிடத்து, ஆசனங்கள் நிறைந்து செல்லும் வாகனம் செலவை நியாயப்படுத்தும்; வெற்று ஆசனங்களோடு செல்லும் வாகனம் பொருள் விரயமாகும்.

ஆயின் ஒரு செலவு இக்கணக்கில் அகப்படாது. அது வாகனத்தை ஓட்டுபவரின் களைப்பு. வாரம் முழுவதும் காரியாலயத்தில் உழைத்த குடும்பத் தலைவர் வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பி, உணவருந்தி, உடனே கார் ஓட்டப் புறப்படுகின்றார். பின் ஆசனத்திலுள்ளோர் உறங்கிவிடுவர். ஹபரணையைத் தாண்டியபின் தெரு நேராகவும் இருளாகவும் செல்லும், இருமருங்கிலும் காடு. கண்ணை மயக்குவதற்கு அத்தகைய தெருவைப் போன்றது வேறில்லை. அதுவே யானைகள் தெருவைக் கடக்கும் பகுதியுமாகும். ஆகையாற் காலையிலே புறப்பட்டு, மாலை மங்குமுன் கந்தளாயைக் கடந்துவிடுதல் நல்ல நியமம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடத்தல் வேண்டும். ஆசனப்பட்டியை முன்னிருப்போர் மட்டுமன்றிப் பின்னிருப்போரும் அணிதல் வேண்டும். குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் அமரும் வழக்கம் அன்பினால் வருவதே. ஆயினும் வாகனம் மோதுண்டால் அம்மடி குழந்தையைக் காவாது.

ஆகாய மார்க்கம்

சீனக்குடாவில் விமானத்தளம் ஒன்று உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கிய வரலாற்றோடு அத்தளம் தொடர்புடையது. இப்போது அஃது இலங்கை விமானப் படையின் வசம் உள்ளது. அங்கே காலத்துக்குக் காலம் உள்நாட்டு விமானங்கள் சிறிய அளவிலே ஓடியதுண்டு. பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. ஆனால் விமான நிலையத்துக்குச் செல்லும் நேரமும், அங்கே காத்திருக்கும் நேரமும், சீனக்குடாவிலிருந்து நகருக்கு வரும் நேரமும் சேரும்போது அந்த ஒரு மணி பலவாகப் பெருகும். சிறு விமானங்களில் மூட்டை முடிச்சுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கட்டணமோ சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. அவசர வைத்தியத் தேவை போன்ற காரணங்கள் இருந்தாலன்றி, நம் வாசகருட் பெரும்பாலோர் இதனை எண்ண வேண்டியதில்லை.

ஒரு வழியை மட்டும் நம்பலாமா?

2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. எரிபொருள் வேண்டி வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றன. சொந்தக் கார் வைத்திருந்தோரும் அதனை வாசலிலே நிறுத்திவிட்டுப் புகையிரத நிலையத்தை நாடினர். அதற்கு முந்திய போர்க்காலத்திலோ, கிழக்குக்குச் செல்லும் தண்டவாளமும் தெருவும் பல தடவை தடைப்பட்டன. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியே முழுநாளும் கழிந்த பிரயாணங்களை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட, பாதையில் ஏறிக் கடலைக் கடக்க வேண்டிய நிலையும் நீங்கிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வாப் புயலும் அதனோடு வந்த பெருவெள்ளமும் தீவின் புகையிரதப் பாதைகளிலும் தெருக்களிலும் பாலங்களிலும் பலவற்றைச் சிதைத்தன. இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரே ஒரு சாதனத்தை நம்பியிருக்கும் சமூகம், அது முறியும் நாளிலே தனித்துவிடும். புகைவண்டியில் இடம் இருந்தும் ஏறாது விட்டுவிட்டு, சேவை குறைந்துவிட்டதே என்று பின்னர் முறையிடுவதிற் பொருளில்லை. பிரயாணிகள் ஏறும் வண்டியே நிலைத்து ஓடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு புகைவண்டியிற் செல்லும் வழக்கத்தைக் காப்பது நம் ஊருக்கு நாம் செய்யும் சிறு தொண்டாகும்.

யாருக்கு எது பொருந்தும்?

திருமலை வளாகத்திலே பயிலும் மாணவர்க்குச் செல்லும்போது பகல் பஸ்ஸும், நூல்களும் பெட்டிகளும் மிகுதியாயின் புகைவண்டியும் பொருந்தும். முதன்முறையாகச் செல்லும் பிள்ளையோடு பெற்றோருள் ஒருவர் ஒருமுறை உடன்சென்று வழியைக் காட்டிவிடுதல் நன்று. பின்னர் அப்பிள்ளை தன்னந்தனியே செல்லத் தயங்காது.

முதிய பெற்றோரை அழைத்துச் செல்வோர் வேறெதையும் எண்ணாது புகைவண்டியிலே படுக்கையோ நல்ல ஆசனமோ பதிவு செய்க. விடியற்காலையில் வண்டி சேரும்போது நிலையத்துக்கு யாரேனும் வந்து நிற்குமாறு உறவினருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். மூட்டையைச் சுமக்க ஆளின்றி மேடையிலே முதியவரை நிற்கவைத்தல் அழகன்று.

ஐந்தாறு பேரும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பத்தினர், பல இடங்களையும் காண விரும்பினால் பகலிலே வாடகை வான் அமர்த்தலாம். உறவினர் வீட்டிலே தங்கி, கோணேசப் பெருமானைத் தரிசித்து, இரண்டு நாளிலே திரும்புவதாயின் புகைவண்டியே சுகம். கட்டுச்சோறோ இடியப்பமோ பொதிசெய்து எடுத்துச் சென்றால் செலவும் குறையும், வயிற்றுக்கும் நலம்.

எல்லாவற்றிலும் கடினமானது துயரச் செய்தி கேட்டுப் புறப்படும் பிரயாணம். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலிக்கின்றது. ஊரிலே தாயார் காலமானார் என்கின்றனர். மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, தானே கார் ஓட்டிப் புறப்படுகின்றான். இதைவிட அபாயமான பிரயாணம் வேறில்லை. துக்கத்தால் நிலைகுலைந்த மனம் தெருவைக் காணாது. அத்தகைய வேளையிலே அயலவரும் நண்பரும் செய்யத்தக்க பேருதவி ஒன்றுண்டு. ஆறுதல் மொழிகளோடு நின்றுவிடாது, நன்றாக உறங்கி எழுந்த சாரதி ஒருவரைத் தேடிக் கொடுத்தலே அது. அல்லது அவர்களோடு பஸ்ஸில் ஏறி உடன்செல்லுதல். இறுதிக் கிரியைக்குச் சற்றுத் தாமதித்துச் சென்றாலும் சுற்றத்தார் பொறுத்துக்கொள்வர். ஒரு வீட்டுத் துயரம் இரண்டாகப் பெருகாதிருத்தலே முக்கியம்.

காலம் அறிந்து புறப்படல்

திருமலைக் கடல் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை பெரும்பாலும் அமைதியாயிருக்கும். நீராடுவோர்க்கு ஏற்ற காலம் அதுவே. மேற்குக் கரையிலே தென்மேற்குப் பருவக்காற்று வீசி மழை பெய்யும்போது கிழக்குக் கரையிலே வெயில் அடிக்கும். மாறாக நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பெய்யும், கடலும் கொந்தளிக்கும், தாழ்ந்த இடங்களில் தெருவை வெள்ளம் மூடுவதுமுண்டு. அக்காலத்திற் செல்வோர் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு புறப்படுக. சிவராத்திரி, புதுவருடம், நீண்ட வார விடுமுறை ஆகிய நாட்களில் எல்லா வண்டிகளும் நிறைந்திருக்கும். ஒரு நாள் முன்பின்னாகச் செல்ல இயலுமாயின் அவ்வாறே செய்தல் நலம்.

எக்காலத்திலும், புறப்படும் வாரத்திலே வண்டிகள் ஓடும் நேரத்தையும், பாதையின் நிலையையும் நிலையத்திலே நேரில் விசாரித்து அறிந்துகொள்ளல் வேண்டும். சென்ற ஆண்டு சென்ற நண்பர் சொன்ன நேரத்தை நம்பி மேடையிலே நிற்றல் தகாது.

முடிவாக ஒன்று கூறுவோம். புகைவண்டி உடலுக்கு இதம். பஸ் பணப்பைக்கு இதம். மோட்டார் வாகனம் வசதிக்கு இதம். விமானம் காலத்துக்கு இதம். நான்கு இதங்களும் ஒருங்கே அமைந்த சாதனம் இன்னும் தோன்றவில்லை. ஆகவே, "எது சிறந்தது?" என்று கேட்பதை விடுத்து, "நம்மோடு வருபவருள் மிகவும் மெலிந்தவர் யார்? அவருக்கு எது ஏற்றது?" என்று கேட்கத் தொடங்குவோமாக. அம்மம்மாவாயினும், கைக்குழந்தையாயினும், அவருக்கு ஏற்ற வழியே அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஏற்ற வழியாகும். அவ்வழியிற் செல்வோர் சற்றுப் பிந்திச் சேரலாம்; செலவும் சற்றுக் கூடலாம். ஆயினும் எல்லோரும் முகமலர்ச்சியோடு வாசற்படியில் ஏறுவர்.